ஐயவாதிகள் குழு நடத்துவது எப்படி: முதல் சந்திப்பு முதல் நேர்மையான சோதனை வரை

அறிவியலைப் பரப்ப ஒரு குழு தொடங்கலாம் என்று நினைப்பவர்கள் பெரும்பாலும் முதலில் தேடுவது ஒரு நல்ல பேச்சாளரை. மேடை, ஒலிபெருக்கி, தலைப்பு, நன்றியுரை என்று மூன்று நான்கு கூட்டம் ஓடும். ஏற்கெனவே ஒத்த கருத்து உள்ளவர்களே வந்து, தங்களுக்குத் தெரிந்ததையே கேட்டு, கைதட்டிக் கலைவார்கள். பிறகு நாற்காலிகள் காலியாகத் தொடங்கும். இந்த வழிகாட்டியில் நான் சொல்ல வருவது வேறு: ஏதாவது ஒரு கூற்று காதில் விழுந்தால், அதைச் சோதித்துப் பார்க்கத் தெரிந்த பத்துப் பேரை, அதாவது ஐயவாதிகளை, உருவாக்குவதுதான் குழுவின் வேலை. பேச்சும் பொது நிகழ்ச்சியும் அதற்குப் பின்னால்தான்.

படி 1: எதைத் தொடுவீர்கள், எதைத் தொடமாட்டீர்கள்

முதல் நான்கைந்து பேர் உட்கார்ந்து, குழுவின் எல்லையை ஒரு பக்கத்துக்குள் எழுதிக்கொள்ளுங்கள். "கடவுள் உண்டா?" என்பதைச் சோதனை வைத்துத் தீர்க்க முடியாது. "இந்தக் காப்பை அணிந்தால் ரத்த அழுத்தம் குறையும்" என்பதைத் தீர்க்கலாம். முதல் வகையைத் தத்துவ விவாதத்துக்கு விட்டுவிட்டு, இரண்டாம் வகையை எடுத்துக்கொள்ளும் குழுவே நீண்ட நாள் நிற்கும் என்பது என் கணிப்பு. இதில் உடன்படாத நண்பர்கள் எனக்கு நிறைய உண்டு. நாத்திகப் பிரசாரத்துக்குத் தனி அமைப்பு இருக்கட்டும், அதில் தவறில்லை. இரண்டையும் ஒரே பாத்திரத்தில் கலக்கும்போது, சோதனைக்கு வர வேண்டியவர்கள் வாசலிலேயே திரும்பிவிடுகிறார்கள்.

இதற்கு முன்னுதாரணமும் இருக்கிறது. 1976-ல் பால் கர்ட்ஸ் அமெரிக்காவில் தொடங்கிய அமைப்பு, மீவியற்கைக் கூற்றுகளை அறிவியல் முறையில் ஆராய்வதையே வேலையாக வைத்துக்கொண்டது. கார்ல் சேகன், ஐசக் அசிமோவ், மேஜிக் கலைஞர் ஜேம்ஸ் ராண்டி போன்றவர்கள் அதில் இருந்தார்கள். அதே முதல் வரிசையில் இருந்த மார்ட்டின் கார்ட்னர் கடவுள் நம்பிக்கை உள்ளவர். போலி அறிவியலை அவரளவுக்குத் தோலுரித்தவர்கள் குறைவு.

எல்லையை எழுதும்போதே இன்னொன்றையும் சேர்த்துவிடுங்கள். காலநிலை மாற்றத்தையோ தடுப்பூசியையோ மறுப்பவர்களும் தங்களை "நாங்களும் கேள்விதான் கேட்கிறோம்" என்று அறிமுகப்படுத்திக்கொள்வார்கள். சான்று வந்த பிறகும் கேள்வியை மாற்றாமல் இருப்பவருக்குப் பெயர் ஐயவாதி அல்ல. அவர்களைக் கூட்டத்திலிருந்து விரட்ட வேண்டியதில்லை. ஆனால், குழுவின் பெயரில் பேச விடக் கூடாது.

படி 2: ஆட்களும் இடமும்

எண்ணிக்கையைப் பற்றிக் கவலை வேண்டாம். தொழில் கலவையைப் பற்றிக் கவலைப்படுங்கள். ஐந்து இயற்பியல் ஆசிரியர்கள் இருப்பதைவிட ஒரு செவிலியர், ஒரு மெக்கானிக், கணக்குத் தெரிந்த ஒருவர், ஒரு வழக்கறிஞர், ஒரு மேஜிக் கலைஞர் இருப்பது மேல். மேஜிக் கலைஞர் கட்டாயம் வேண்டும். இது வேடிக்கைக்குச் சொல்வதல்ல.

அமெரிக்காவில் செயிண்ட் லூயிஸ் நகரின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் 1979 வாக்கில் ஓர் அதீத உளவியல் ஆய்வுக்கூடம் தொடங்கப்பட்டது. மனத்தால் கரண்டி வளைக்கும் ஆட்களைத் தேடினார்கள். ராண்டி தனக்குத் தெரிந்த இரண்டு இளம் மேஜிக்காரர்களை அங்கே அனுப்பினார். படித்த இயற்பியலாளர்கள் அவர்களை உண்மையான சக்தி உள்ளவர்கள் என்று நம்பிவிட்டார்கள். எப்படி ஏமாற்றுவார்கள், எதைக் கவனிக்க வேண்டும் என்று ராண்டி முன்கூட்டியே கடிதம் எழுதியிருந்தும் அது பெரிதாக எடுபடவில்லை. 1983-ல் அவரே குட்டை உடைத்தார். இயற்கை பொய் சொல்லாது என்ற பழக்கத்திலேயே ஆய்வுக்கூடத்தில் வேலை செய்பவர்கள், பொய் சொல்லத் தெரிந்த கைகளின் முன்னால் சாதாரணப் பார்வையாளர்கள்தான்.

இடத்தைப் பொறுத்தவரை, ஒரே கிழமை, ஒரே நேரம், ஒரே இடம். "மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை மாலை" என்று ஒருமுறை சொன்னால் போதும், அழைப்பிதழே வேண்டாம். 1999-ல் ஸ்காட் கேம்பெல் லண்டனில் மதுக்கூடத்தில் தொடங்கிய ஐயவாதிகள் சந்திப்பு, பிறகு பல நாடுகளின் நகரங்களுக்குப் பரவியது. ஒரு பேச்சாளர், ஓர் இடைவேளை, அதன் பிறகு கேள்விகள். அவ்வளவுதான் அதன் வடிவம். அந்த வடிவத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மதுக்கூடத்தை எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. பதின்பருவத்தினரும், இரவில் தனியாக வீடு திரும்பத் தயங்குபவர்களும் தயக்கமின்றி வரக்கூடிய நூலக அறையோ பள்ளி வகுப்பறையோ நல்லது.

படி 3: முதல் சந்திப்பில் என்ன செய்வது

பேச்சு வேண்டாம். வந்தவர்களையே சோதனைப் பொருளாக்குங்கள். இதற்கு உளவியலாளர் பெர்ட்ரம் ஃபோரர் 1948-ல் தன் மாணவர்களிடம் நடத்திய சோதனையை மிஞ்ச எதுவும் இல்லை. ஆளுமைத் தேர்வு என்று சொல்லி ஒரு தாளை நிரப்ப வைத்தார். பிறகு ஒவ்வொருவருக்கும் "உங்களுடைய பலன்" என்று ஒரு குறிப்பு கொடுத்து, எவ்வளவு பொருந்துகிறது என்று ஐந்துக்கு மதிப்பெண் போடச் சொன்னார். சராசரி 4.26 வந்தது. எல்லோருக்கும் கொடுத்தது ஒரே குறிப்பு. கடையில் விற்ற ஜோதிடப் புத்தகம் ஒன்றிலிருந்து வரிகளைத் திரட்டியிருந்தார்.

நீங்கள் செய்யும்போது, ஒரு வாரம் முன்பே வருபவர்களின் பிறந்த தேதியையும் நேரத்தையும் வாங்கிக்கொள்ளுங்கள். பத்துப் பன்னிரண்டு வரிகள் எழுதுங்கள். "தேவைப்பட்டால் மனம்விட்டுப் பேசுவீர்கள், ஆனாலும் எல்லாவற்றையும் எல்லோரிடமும் சொல்லிவிடுபவர் அல்ல", "உங்கள் உழைப்புக்கு உரிய மதிப்பு எப்போதும் கிடைத்ததில்லை" என்பதுபோல. இரண்டு வரிகளாவது லேசாகக் குத்துவதாக இருக்கட்டும். வெறும் புகழ்ச்சி என்றால் சந்தேகம் வந்துவிடும். பெயர் எழுதி ஒட்டிய உறைகளில் போட்டுக் கொடுங்கள். மதிப்பெண் போட்டு முடித்ததும், "பக்கத்தில் இருப்பவரிடம் தாளை மாற்றிக்கொள்ளுங்கள்" என்று மட்டும் சொல்லிவிட்டு அமைதியாக இருங்கள். முதல் சிரிப்பு எந்த மூலையிலிருந்து வரும் என்று பார்ப்பது அமைப்பாளருக்குக் கிடைக்கும் சிறு சம்பளம்.

இதன் தொடர்ச்சியாக ஊசல். ஒரு மோதிரத்தை நூலில் கட்டி, வட்டம் வரைந்த தாளின் மேல் பிடிக்கச் சொல்லுங்கள். கையை அசைக்கக் கூடாது. வட்டமாகச் சுற்றுவதாக மனத்தில் நினைத்தால் போதும். பலருக்குச் சுற்றும். கண்ணைக் கட்டிவிட்டு, தாளின் திசையையும் மாற்றிவிட்டுப் பாருங்கள், குழம்பிவிடும். பிரெஞ்சு வேதியியலாளர் செவ்ரல் இதை 1833-லேயே எழுதிவிட்டார். நமக்கே தெரியாமல் நம் தசைகள் எதிர்பார்ப்புக்கு ஏற்ப அசைகின்றன. ஆவிகள் மேசையை நகர்த்துவதாக ஐரோப்பா பரபரத்த 1853-ல், மைக்கேல் ஃபாரடே மேசைக்கும் கைகளுக்கும் நடுவே வழுக்கும் அட்டை அடுக்குகளை வைத்தார். மேல் அட்டை முன்னால் போயிருந்தது. அதாவது, கைதான் மேசையைத் தள்ளியது. கை நகர்வதைக் காட்டும் ஒரு குறிமுள்ளைப் பொருத்தி, அதை அமர்ந்தவர்களின் கண்ணில் படும்படி வைத்ததும் மேசை நின்றேவிட்டது.

ஊசலை முதல் கூட்டத்திலேயே வைக்கச் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. ஏமாற்றாதவர்களும் தவறான முடிவுக்கு வர முடியும் என்பதை வந்தவர் தன் விரல் நுனியிலேயே உணர்கிறார். அதற்குப் பிறகு அவர் யாரையும் எளிதில் "ஃபிராடு" என்று சொல்லமாட்டார்.

படி 4: மாதாந்திரக் கூட்டத்தின் ஒழுங்கு

இரண்டு மணி நேரம் தாராளம். முதல் அரை மணி, உறுப்பினர்கள் கொண்டுவரும் வாட்ஸ்அப் ஃபார்வர்டுகளுக்கு. ஒன்றை மட்டும் எடுத்து, எல்லோர் கண் முன்னாலும் சரிபாருங்கள். படம் என்றால், அது முதலில் எங்கே வந்தது என்று படத்தேடலில் பார்க்கலாம். "ஆய்வில் கண்டுபிடிப்பு" என்றால், அந்த ஆய்வு மனிதர்களிடம் நடந்ததா எலிகளிடமா, எத்தனை பேரிடம், ஒப்பீட்டுக் குழு இருந்ததா என்று தேடுங்கள். தடுப்பூசியையும் ஆட்டிசத்தையும் முடிச்சுப்போட்ட 1998-ஆம் ஆண்டுக் கட்டுரை பன்னிரண்டு குழந்தைகளை மட்டுமே வைத்து எழுதப்பட்டது. அதை வெளியிட்ட மருத்துவ இதழ் 2010-ல் அதைத் திரும்பப் பெற்றது. அந்தப் பன்னிரண்டு என்ற எண்ணை ஆரம்பத்திலேயே கேட்டிருந்தால் எத்தனையோ பேர் நிதானித்திருப்பார்கள்.

அடுத்த முக்கால் மணி, பேச்சோ செய்முறையோ. மீதி முழுவதும் கேள்வி. கேள்வி என்ற பெயரில் சொற்பொழிவாற்றுபவர் எல்லாக் குழுவிலும் ஒருவராவது இருப்பார். கேள்வியைத் துண்டுச் சீட்டில் எழுதி வாங்கினால் அந்தத் தொல்லை பாதியாகும். கூச்சப்படுபவர்களின் கேள்விகளும் மேலே வரும்.

பேச்சாளர் யாராக இருந்தாலும் கடைசியில் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும் என்று வழக்கமாக்குங்கள்: "எந்தச் சான்று கிடைத்தால் உங்கள் கருத்தை மாற்றிக்கொள்வீர்கள்?"

எப்போதும் பொய்யை உடைத்துக்கொண்டே இருந்தால் குழுவுக்கே சலித்துவிடும். இடையிடையே வானம் பார்க்கப் போங்கள். 1610-ல் கலிலியோ கண்ட வியாழனின் நான்கு நிலவுகளை இன்று ஒரு சாதாரண பைனாகுலரை அசையாமல் பிடித்தே பார்த்துவிடலாம். கிரகங்கள் நம்மை ஆட்டிவைக்கின்றன என்று நம்பிக்கொண்டிருப்பவரும் அந்த வரிசையில் நிற்பார். அங்கே அவரிடம் விவாதம் செய்யாதீர்கள், பார்க்க விடுங்கள்.

படி 5: ஒரு சோதனையை ஒழுங்காக நடத்துவது

குழுவின் உயிர்நாடி இதுதான் என்பதால் கொஞ்சம் விரிவாகவே பார்க்கலாம். கவைக்குச்சியால் நீர் இருக்கும் இடத்தைக் கண்டுபிடிப்பதாகச் சொல்லும் ஒருவர் சோதனைக்குச் சம்மதித்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். இப்படிப்பட்டவர்களில் பெரும்பாலோர் நேர்மையானவர்கள். தங்கள் திறமையை முழுமனத்தோடு நம்புபவர்கள். விருந்தினரைப் போல நடத்துங்கள்.

முதலில், அவர் சொல்வதை அவர் வாயாலேயே துல்லியமாக்குங்கள். ஓடும் நீரா, தேங்கிய நீரா? பாட்டிலில் இருந்தால் தெரியுமா? பத்துக்கு எத்தனை முறை சரியாக வரும்? "குறைந்தது ஒன்பது முறை வரும்" என்பார். எழுதிக்கொள்ளுங்கள். பாட்டில் நீர் தெரியாது என்று சொன்னால் பாட்டிலை வைத்துச் சோதிக்கக் கூடாது. அவர் சொல்லும் திறமையைத்தான் சோதிக்க வேண்டும். 1990-ல் ஜெர்மனியின் காசெல் நகரில் அந்நாட்டு ஐயவாதிகள் அமைப்பு, இதற்காகவே குழாயைத் தரையில் புதைத்து, நீர் ஓடுகிறதா நிற்கிறதா என்று கேட்டுச் சோதித்தது. முடிவு குருட்டாம்போக்கில் சொன்னால் வரும் அளவில்தான் இருந்தது.

பாட்டில் சரி என்கிறார் என்று கொள்வோம். மூடியுள்ள பத்துப் பெட்டிகளை இடைவெளி விட்டு வரிசையாக வையுங்கள். ஒன்றில் நீர் பாட்டில், மற்ற ஒன்பதில் அதே எடைக்கு மணல் நிரப்பிய பாட்டில்கள். முதலில் திறந்த சுற்று: நீர் எந்தப் பெட்டியில் என்று காட்டிவிட்டு, குச்சி அசைகிறதா என்று இரண்டு மூன்று முறை பார்க்கச் சொல்லுங்கள். அசையும். "இடம் சரியாக இருக்கிறது, இன்று என் திறமை வேலை செய்கிறது" என்று அவர் கையெழுத்திடட்டும். இந்தப் படியைத் தவிர்த்தால், பிறகு "இங்கே இரும்புக் கம்பி இருக்கிறது", "இன்று உடம்பு சரியில்லை" என்று கேட்டுக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

அடுத்து மறைவுச் சுற்றுகள், பத்து. ஒவ்வொரு முறையும் எந்தப் பெட்டி என்பதை, 1 முதல் 10 வரை எழுதிய சீட்டுகளைப் பையில் போட்டுக் குலுக்கி எடுங்கள். எடுத்த சீட்டை மறுபடி பைக்குள் போட்டுவிடுங்கள். மனிதர் "மனம்போனபடி" தேர்ந்தெடுத்தால் ஓரப் பெட்டிகளைத் தவிர்ப்பார், முந்தைய எண்ணைத் திரும்ப எடுக்கமாட்டார். அதை மற்றவர் ஊகித்துவிடலாம். பாட்டிலை வைக்கும் இருவர் வேலையை முடித்ததும் வேறு வாசல் வழியாக வெளியேற வேண்டும். சோதிக்கப்படுபவரை அவர்கள் சந்திக்கவே கூடாது. அவரோடு உள்ளே வருபவர்களுக்கு விடை தெரிந்திருக்கக் கூடாது. ஒவ்வொரு சுற்றிலும் பத்துப் பாட்டில்களையும் எடுத்துத் திரும்ப வையுங்கள். இல்லையென்றால் தூசியும் ஈரத்தடமும் துப்புக் கொடுத்துவிடும்.

விடை தெரிந்தவர் பக்கத்தில் நிற்கவே கூடாது என்று ஏன் இவ்வளவு கெடுபிடி? பெர்லினில் கூட்டல் கழித்தல் செய்த ஹான்ஸ் என்ற குதிரைதான் காரணம். 1907-ல் ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் அதை ஆராய்ந்தார். கேள்வி கேட்பவருக்கு விடை தெரியாவிட்டாலோ, அவர் குதிரையின் கண்ணில் படாவிட்டாலோ கணக்கு தப்பியது. சரியான எண்ணை நெருங்கும்போது கேட்பவரின் தலை மயிரிழை அளவு அசைவதைப் பார்த்துத்தான் குதிரை குளம்பு தட்டுவதை நிறுத்தியிருக்கிறது. குதிரையின் உரிமையாளருக்கே இது தெரியாது. குதிரையால் முடிந்தது மனிதருக்கு முடியாதா?

தேர்ச்சி எண்ணை முன்பே முடிவு செய்ய வேண்டும். இங்கே கொஞ்சம் கணக்கு. பத்துப் பெட்டியில் ஒன்று என்று பத்து முறை குருட்டாம்போக்கில் சொன்னால், ஒன்றாவது சரியாக வர 65 சதவீத வாய்ப்பு உண்டு. மூன்றோ அதற்கு மேலோ வர சுமார் 7 சதவீதம். மூன்று வந்ததும் ஆரவாரம் செய்தால், சோதனைக்கு வரும் பத்துப் பேரில் ஒருவராவது "சக்தி" உள்ளவராகிவிடப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. ஐந்தோ அதற்கு மேலோ வர சுமார் 600-ல் 1 வாய்ப்புதான். எனவே, ஐந்து வந்தால் தேர்ச்சி என்று வைக்கலாம். ஒன்பது என்று சொன்னவருக்கு அது தாராளமான சலுகை. அவர் சம்மதத்தை வாங்கி, இரு தரப்பும் கையெழுத்திட்டு, முழுவதையும் காணொளியில் பதிவு செய்யுங்கள். பத்துச் சுற்றும் முடியும் வரை சரியா தவறா என்று சொல்லாதீர்கள்.

இதற்கெல்லாம் பெரிய செலவோ பட்டமோ தேவையில்லை. உடலைச் சுற்றியுள்ள ஆற்றல் புலத்தைக் கையால் உணர்ந்து குணப்படுத்துவதாகச் சொன்னவர்களை, எமிலி ரோசா என்ற அமெரிக்கச் சிறுமி ஒன்பது வயதில் பள்ளிச் செயல்திட்டத்துக்காகச் சோதித்தாள். ஓர் அட்டைத் தடுப்பு, அதில் அவர்கள் கைகளை நுழைக்க இரண்டு துளைகள். மறுபக்கம் தன் கை அவர்களின் எந்தக் கைக்கு மேல் இருக்கிறது என்று கேட்டாள். 21 பேர், 280 முறை. சரியாகச் சொன்னது 44 சதவீதம். நாணயம் சுண்டினால் கிடைப்பதைவிடக் குறைவு. 1998-ல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் அது வெளியானது.

பரிசுத் தொகை அறிவிக்கலாமா?

பகுத்தறிவாளர் ஆபிரகாம் கோவூர் 1963-ல் இலங்கையில் ஒரு லட்சம் ரூபாய் சவால் விட்டார். ராண்டி 1964-ல் ஆயிரம் டாலரில் தொடங்கியது பின்னாளில் பத்து லட்சம் டாலரானது. யாரும் வாங்காமலே 2015-ல் முடிவுக்கு வந்தது. பெரிய மனிதர்களின் பகட்டை உடைக்க அது உதவியது உண்மை. ஆனால் புதிய குழுவுக்கு நான் பரிந்துரைக்கமாட்டேன். சவாலைத் தேடி வருபவர்களில் கோடீஸ்வரச் சாமியார்கள் அரிது. மனநலம் தடுமாறி, தனக்குக் குரல்கள் கேட்பதாக நம்பும் எளியவர்களும் வருவார்கள். அவர்களைச் சோதனை மேசையில் உட்கார வைக்கக் கூடாது. குடும்பத்தாரோடு பேசி மருத்துவ உதவிக்கு வழிகாட்டத் தெரிந்த ஒருவர் குழுவில் இருக்கட்டும்.

படி 6: பொது நிகழ்ச்சி

தெருவில் இறங்குவதானால் ஒரே செய்தி, ஒரே காட்சி. 2010 ஜனவரி 30 அன்று பிரிட்டன் நகரங்களில் ஐயவாதிகள் ஹோமியோபதி மாத்திரைகளை ஒரு குப்பி முழுவதும் விழுங்கிக் காட்டினார்கள். யாருக்கும் எதுவும் ஆகவில்லை. 30சி என்று அச்சிட்ட மருந்து, நூறில் ஒரு பங்காக முப்பது முறை நீர்க்கப்பட்டது. அதாவது 1-க்குப் பின்னால் 60 சுழியங்கள். ஒரு மோல் (வேதியியலில் பொருளை அளக்கும் ஓர் அலகு) பொருளில் உள்ள மூலக்கூறுகளோ 6.022 × 10²³ மட்டுமே. பன்னிரண்டாவது நீர்த்தலைத் தாண்டும்போதே மூலப்பொருளின் ஒரு மூலக்கூறுகூட மிஞ்ச வாய்ப்பு அரிது. காட்சியைப் பார்த்தவர் இந்த எண்ணைக் கேட்காமல் போகமாட்டார்.

கண்ணை மூடிக்கொண்டு அதைப் பின்பற்றாதீர்கள். குறைவாக நீர்க்கப்பட்டவற்றில் நிஜமான நஞ்சு இருக்கலாம். பல் முளைக்கும் குழந்தைகளுக்கான ஹோமியோபதி மாத்திரைகள் சிலவற்றில் பெல்லடோனா தாறுமாறான அளவில் இருப்பதை அமெரிக்க மருந்து நிர்வாகம் 2017-ல் கண்டறிந்தது. தீமிதித்துக் காட்டுவதையும் விட்டுவிடுங்கள். கரித்துண்டு வெப்பத்தை மெதுவாகக் கடத்துவதாலும், பாதம் கணநேரமே படுவதாலும்தான் பெரும்பாலோர் தப்புகிறார்கள். "பெரும்பாலோர்" என்ற சொல்லை நம்பிப் பொதுமக்களைத் தணலில் இறக்க முடியாது.

படி 7: வாயும் சட்டமும் பாதுகாப்பும்

பணத்தைத் தொலைத்துவிட்டு வருபவரிடம் "இதை நம்பினீர்களா?" என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்விக்குப் பிறகு அவர் உங்களிடம் எதையும் சொல்லமாட்டார். நோயாளி என்றால், மருத்துவர் தரும் மருந்தை நிறுத்தியிருக்கிறாரா என்பதை முதலில் விசாரியுங்கள். மற்றது எல்லாம் அப்புறம்.

எழுதும்போது ஆளைத் தாக்காமல் கூற்றைத் தாக்குங்கள். "இவர் மோசடிக்காரர்" என்று எழுதினால் நோக்கத்தை நீதிமன்றத்தில் நீங்கள் நிரூபிக்க வேண்டிவரும். "இந்தத் தேதியில், இந்த நிபந்தனையில் சோதித்தோம், பத்தில் ஒன்று வந்தது" என்று எழுதினால் காணொளியே பேசும். முதுகெலும்பு நீவல் சிகிச்சை பற்றி எழுதியதற்காக அறிவியல் எழுத்தாளர் சைமன் சிங் மீது 2008-ல் பிரிட்டனில் அவதூறு வழக்குப் பாய்ந்தது. 2010-ல் அது திரும்பப் பெறப்பட்டது. அந்நாட்டு அவதூறுச் சட்டம் 2013-ல் திருத்தப்பட அதுவும் ஒரு காரணம். இடைப்பட்ட இரண்டு ஆண்டுகளின் அலைச்சலைச் சிறு குழு தாங்காது. குழுவில் வழக்கறிஞர் இருக்கட்டும் என்றது இதற்குத்தான்.

மகாராஷ்டிரத்தில் மூடநம்பிக்கை ஒழிப்பு இயக்கத்தை நடத்திய நரேந்திர தாபோல்கர், 2013 ஆகஸ்ட் 20 காலையில் புனேயில் நடைப்பயிற்சியின்போது சுட்டுக் கொல்லப்பட்டார். எல்லா இடத்திலும் ஆபத்து ஒரே அளவல்ல. ஆனாலும் விசாரணைக்குத் தனியாகப் போகாதீர்கள், போகும் இடத்தையும் திரும்பும் நேரத்தையும் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள், உறுப்பினர் முகவரிகளைப் பொதுவில் வைக்காதீர்கள். மிரட்டல் வந்தால் அன்றே புகார் கொடுத்து, நகலைப் பத்திரப்படுத்துங்கள்.

படி 8: கணக்கும் பதிவும்

வரவுசெலவை மாதந்தோறும் உறுப்பினர்களுக்குக் காட்டுங்கள். சோதனைக்கோ விசாரணைக்கோ கட்டணம் வாங்காதீர்கள். ஒருங்கிணைப்பாளரை ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள், அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும். நீங்கள் நடத்தும் எல்லாச் சோதனைகளையும், சுவாரசியமில்லாதவை உட்பட, ஒரே பதிவேட்டில் ஏற்றுங்கள்.

ஒருவர் தேறிவிட்டால்?

அந்த நாள் வந்தால் பதறவும் வேண்டாம், மழுப்பவும் வேண்டாம். ஒப்பந்தப்படி அவர் தேறினார் என்று அன்றே எழுத்தில் கொடுங்கள். பிறகு காணொளியை மேஜிக் கலைஞரோடு உட்கார்ந்து மெதுவாக ஓட்டிப் பாருங்கள். ஒலி, ஈரத்தடம், பாட்டிலை வைத்தவர்களின் நடமாட்டம் என எங்காவது ஓட்டை இருந்ததா? இருந்தால் அது உங்கள் பிழை என்று அவரிடமே சொல்லி, மறுசோதனைக்கு அழையுங்கள். ஓட்டை எதுவும் கிடைக்காவிட்டாலும் மறுசோதனை வேண்டும்: வேறு இடம், வேறு ஆட்கள், அதே தேர்ச்சி எண். 600-ல் 1 என்பது எப்போதாவது தற்செயலாக நடக்கக்கூடியதுதான். தொடர்ந்து இரண்டு முறை நடப்பது ஏறக்குறைய மூன்றே முக்கால் லட்சத்தில் 1. அதையும் தாண்டிவிட்டார் என்றால், பக்கத்துப் பல்கலைக்கழகத்தின் புள்ளியியல் துறைக்கும் இயற்பியல் துறைக்கும் பதிவேட்டின் நகலை அனுப்பிவிட்டு, மூன்றாவது சோதனைக்கு அவருக்கு வசதியான தேதியைக் கேளுங்கள்.